அரிப்புக்கெல்லாம் ஒரே ஆயின்ட்மென்ட்டா?

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவி பற்றியும் குமர் காரியங்கள் பற்றியும் இந்தக் கூட்டங்களில் பல முறை பேசியிருக்கிறோம். இன்று தோல் நோய் பற்றிப் பேசப் போகிறோம். "இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வருகிறவர்கள், வேறு ஏதோ நோய்க்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்போது, தயங்கித் தயங்கி இதையும் கேட்கிறார்கள். கழுத்தில் தேமல், கால்விரல் இடுக்கில் புண், தொடை இடுக்கில் அரிப்பு, குழந்தையின் முழங்கை மடிப்பில் கரப்பான், நாக்கில் வெள்ளைப் படிவு. ஆட்கள் வேறு, நோய்கள் வேறு. ஆனால் பெரும்பாலோர் போட்டுப் பார்த்தது ஒன்றைத்தான். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கியதோ, பக்கத்து வீட்டார் கொடுத்ததோ, ஒரு சின்ன ட்யூப் ஆயின்ட்மென்ட்.

அந்த ட்யூப் ஒருவருக்கு மருந்தாகவும் இன்னொருவருக்குக் கேடாகவும் ஆவது ஏன்? அதைத்தான் இன்று விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் மருத்துவர்கள் அல்லர். மருத்துவர்களிடம் கேட்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் குடும்பங்களுக்குப் புரியும்படி சொல்கிறோம், அவ்வளவுதான்.

நம்மோடு குடியிருப்பவை

ஈஸ்ட் என்றவுடன் பேக்கரியில் பன் மாவை உப்ப வைக்கும் பொருள் நம் நினைவுக்கு வரும். அதுவும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்தான். அதன் உறவுக்காரர்கள் நம் உடம்பிலும் வாழ்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரை இன்று தெரிந்துகொள்வோம்.

ஒன்று மலசேசியா. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மலசே என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் இப்படி அழைக்கப்படுகிறது. நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் இதற்கு உணவு. அதனால் தலை, முகம், கழுத்து, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் அதிகம் இருக்கும். பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் தோலுக்கு வந்து சேர்கிறது. பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பு கூடும்போது பெருகுகிறது.

மற்றொன்று கேண்டிடா. வாயிலும் குடலிலும் பெண்களின் மறைவிடத்திலும் தங்கியிருப்பது. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இது உண்டு.

முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். இவை நம்மிடம் இருப்பது நோய் ஆகாது, அசுத்தமும் ஆகாது. ஐந்து வேளை ஒளு செய்கிறவரின் தோலிலும் மலசேசியா இருக்கும். தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் போகாது. அதனால் தேமலோ அரிப்போ வந்தவரைப் பார்த்து, "சுத்தமில்லாதவர்" என்று முகம் சுளிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதேபோல், பன், ரொட்டி சாப்பிட்டதால் இந்த நோய் வந்தது என்பதும் சரியில்லை. பேக்கரி ஈஸ்ட் வேறு, தோலில் வாழும் ஈஸ்ட் வேறு.

காவல் நடப்பது எப்படி?

எல்லோரிடமும் இருக்கிற ஈஸ்ட் சிலருக்கு மட்டும் நோயாவது ஏன்? விடை பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியில் இருக்கிறது.

தோலின் மேலடுக்குதான் முதல் மதில். அதைத் தாண்டி ஈஸ்ட் உள்ளே வந்தால் வெள்ளணுக்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. ஈஸ்ட்டின் சுவரில் பீட்டா குளுக்கன் என்ற ஒரு வகை மாவுச்சத்து இருக்கிறது. மனித உடம்பில் அது கிடையாது. எனவே அதைத் தொட்டவுடன், "இது நம் ஆள் இல்லை" என்று வெள்ளணுவுக்குத் தெரிந்துவிடும். அப்படித் தொட்டு அறிகிற உணர்வானுக்கு டெக்டின்-1 என்று பெயர். பீட்டா குளுக்கனை அறிவது இதுதான் என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள்.

அடையாளம் கண்டபின் சில வெள்ளணுக்கள் ஈஸ்ட்டை விழுங்கி அழிக்கின்றன. வேறு சில இன்டர்லூக்கின்-17 என்ற செய்தியை அனுப்பி மேலும் படையை வரவழைக்கின்றன. இந்தச் செய்தி எவ்வளவு முக்கியம் என்பதை 2011-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறவியிலேயே இது வேலை செய்யாத சிலருக்குச் சிறு வயது முதல் வாயிலும் தோலிலும் நகத்திலும் கேண்டிடா தொற்று ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

"எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே?" என்று கேட்கலாம். டெல்டாக்காரர்களான நமக்கு இது எளிதில் விளங்கும். வயலில் தண்ணீர் இல்லாவிட்டாலும் பயிர் போகும், வடியாமல் நின்றாலும் பயிர் அழுகும். எதிர்ப்பு சக்தியும் அப்படித்தான். குறைந்தால் தொற்று. திசை மாறிப் பொங்கினால் ஒவ்வாமை.

காவல் தளர்ந்தால்

முதலில் குறைவதைப் பார்ப்போம்.

நம் ஊர்களில் இதற்குப் பெரிய காரணம் சர்க்கரை நோய். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போது வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. கேண்டிடாவுக்கோ சர்க்கரை நல்ல தீனி. ஆகவே உடல் மடிப்புகளில் சிவந்து எரிவது, மறைவிடத்தில் அரிப்பு, தயிர் திரிந்தது போன்ற வெள்ளைப்படுதல், ஆண்களுக்கு முன்தோலில் வெடிப்பு, இவை திரும்பத் திரும்ப வந்தால் ஆயின்ட்மென்ட் தேடுவதற்கு முன் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். சர்க்கரை இருப்பதே தெரியாத பலருக்கு இதுதான் முதல் எச்சரிக்கை.

இன்னொன்று. டாபாகிளிஃப்ளோசின் போன்ற சில சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. நல்ல மருந்துகள்தாம். ஆனால் சிலருக்கு மறைவிடத்தில் ஈஸ்ட் தொற்று வரக்கூடும். வந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தாயிடம் பால் குடிக்கும் குழந்தையின் நாக்கில், துடைத்தாலும் எளிதில் போகாத வெள்ளைப் படிவு வருவதும் கேண்டிடாதான். குழந்தையின் எதிர்ப்பு சக்தி இன்னும் முதிராததால் வருகிறது, எளிதில் குணமாகும். கிருமிக்கொல்லி மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டாலும் வரும். கேண்டிடாவை அடக்கி வைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து அழிந்துவிடுவதுதான் காரணம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வதும் இதற்காகத்தான்.

வேறு காரணம் எதுவும் தெரியாமல் பெரியவர் ஒருவருக்கு வாயில் வெள்ளைப் படிவு வந்தால், மருத்துவர் எச்.ஐ.வி. பரிசோதனையும் கேட்கலாம். அதைக் கேட்டு யாரும் கோபப்பட வேண்டாம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அந்தப் பணியைச் செய்தார்கள். அந்தக் கிருமி அழிப்பது, ஈஸ்ட்டை எதிர்க்கப் படை திரட்டும் வெள்ளணுக்களைத்தான். அதனால்தான் வாயில் கேண்டிடா முந்திக்கொண்டு தெரிகிறது. இன்று அதற்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி மீள்கிறது.

காவல் திசை மாறினால்

இனி மறுபக்கம். கரப்பான் என்று நாம் சொல்கிற ஒவ்வாமைத் தோல் நோயில் பலருக்கு முதல் குறை தோல் மதிலில்தான். தோலைக் கெட்டிப்படுத்தும் ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவாக இருப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் கண்டார்கள். செங்கல் இருக்கிறது, இடையில் பூச்சு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடுக்கு வழியே மலசேசியாவின் புரதங்கள் உள்ளே போகின்றன. உடம்பு அவற்றைப் பெரும் பகையாக எண்ணி ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. பிறகு சிறிது பட்டாலும் அரிப்பு, சிவப்பு, நீர்க்கசிவு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மலசேசியாவின் சில புரதங்கள் மனித உடம்பின் புரதங்களைப் போலவே இருக்கின்றன. அதனால் ஈஸ்ட்டை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, சிலருக்குத் தன் தோலையே தாக்கத் தொடங்கிவிடுகிறது.

"வேர்த்தாலே இவளுக்கு அரிப்பு தாங்காது" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. அது வீண் பேச்சு இல்லை. வியர்வையில் கலந்திருக்கும் மலசேசியாவின் ஒரு புரதம், கரப்பான் உள்ளவர்களுக்கு ஒவ்வாமை ஏற்படுத்துகிறது என்று ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். எல்லாக் கரப்பானுக்கும் ஈஸ்ட்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தலை, முகம், கழுத்தில் கரப்பான் உள்ள பெரியவர்களிடம்தான் இந்தத் தொடர்பு அதிகம் காணப்படுகிறது.

2019-இல் சூரிக் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் செய்த ஆய்வு இந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் காட்டியது. முன்பு சொன்ன இன்டர்லூக்கின்-17 நல்ல தோலில் மலசேசியாவை அளவோடு அடக்கி வைத்தது. சேதப்பட்ட தோலிலோ அதே செய்தி வீக்கத்தையும் சிவப்பையும் கூட்டியது. காக்கிறதும் அதுவே, நிலைமை மாறினால் புண்ணாக்குகிறதும் அதுவே.

தேமலும் திருமணப் பேச்சும்

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது தேமல். புழுக்கமான நம் பகுதியில் மிகச் சாதாரணம். மலசேசியா வழக்கத்தைவிட அதிகமாகப் பெருகித் தோலின் மேலடுக்கில் பரவுகிறது. உள்ளே இறங்குவதில்லை. அது உண்டாக்கும் ஓர் அமிலம் தோலின் நிறப்பொருள் உருவாவதைத் தடுப்பதால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. தொட்டால் ஒட்டாது. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தில்லை. மருத்துவர் தரும் பூச்சு மருந்திலோ ஷாம்பூவிலோ ஈஸ்ட் அடங்கிவிடும். நிறம் திரும்ப மட்டும் சில மாதங்கள் ஆகலாம். "மருந்து கேட்கவில்லை" என்று அதற்குள் வேறு மருந்துக்குத் தாவ வேண்டாம். அடுத்த கோடையில் திரும்பி வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் கழுத்துத் தேமலைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்துவதும், அதற்குப் பயந்து பெண்ணைப் பெற்றவர்கள் கண்ட கிரீமையும் வாங்கி முகத்தில் பூசச் சொல்வதும் நம்மிடையே நடக்கிறது. சில மாதத்தில் மறையப் போகிற ஒரு நிறத்துக்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நிறுத்துவது நியாயமா? மாப்பிள்ளை வீட்டாரும் யோசிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வெளுத்த இடத்தில் தொடு உணர்ச்சி இல்லாவிட்டால், சூடு தெரியாவிட்டால், அது தேமலாக இராது. தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து இலவசம். முழுமையாகக் குணமாகும் நோய் அது.

வயலும் ஈரமும்

குறுவை நடவானாலும் சம்பா, தாளடி நடவானாலும் நாள் முழுவதும் சேற்றில் நிற்கும் பெண்களுக்குக் கால்விரல் இடுக்கு வெளுத்து, ஊறி, வெடிக்கும். சேற்றுப்புண் என்கிறோம். ஊறிப்போன தோல் மதில் உடைந்தபின் ஈஸ்ட், பிற பூஞ்சைகள், பாக்டீரியா எல்லாம் அந்த வழியே நுழைகின்றன. சர்க்கரை உள்ளவருக்கு இந்தச் சிறு வெடிப்பே விரலை எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். வேலை முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துவது பாதி மருத்துவம்.

ஒளுவில் கால்விரல்களைக் கோதிக் கழுவுவது நம் வழக்கம். கழுவியபின் அந்த ஈரத்தோடு சாக்ஸுக்குள்ளும் ஷூவுக்குள்ளும் காலை நுழைப்பதுதான் தவறு. தேவைக்குத் துடைத்துக்கொள்ள மார்க்கத்தில் தடையில்லை. ஒரு சிறு துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையை உறிஞ்சாத இறுக்கமான நைலான் உள்ளாடைகளைவிடப் பருத்தி நல்லது. புர்காவுக்குள்ளும் பருத்தி உடுத்தினால் புழுக்கம் குறையும்.

அந்த ட்யூப்பில் என்ன இருக்கிறது?

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஆயின்ட்மென்ட்டுக்கு வருவோம். கடையில் கேட்டு வாங்கும் பல ட்யூப்களில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, இவற்றோடு வீரியமான ஒரு ஸ்டீராய்டு மருந்து, மூன்றும் கலந்திருக்கின்றன. ஸ்டீராய்டின் வேலை எதிர்ப்பு சக்தியை அடக்குவது. பூசிய இரண்டாம் நாளே அரிப்பும் சிவப்பும் குறைகிறதே, அது நோய் போனதால் இல்லை. காவலர்கள் வாயை மூடியதால். பூஞ்சைத் தொற்று உள்ளவருக்கு இது திருடனை விட்டுவிட்டுக் காவல்காரனைக் கட்டிப்போட்ட கதை. நிறுத்தியதும் முன்பைவிடப் பரவலாகத் திரும்பும். மறுபடி பூசுவார்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். தொடை இடுக்கில் அழியாத வரித் தழும்புகள் விழும். முகத்தில் பூசினால் பருவும் சிவப்பும் வரும்.

ஈஸ்ட்டின் உறவினரான மற்றொரு பூஞ்சையால் வரும் படர்தாமரை நாடெங்கும் கட்டுக்கடங்காமல் போனதற்கு இந்தக் கலவைகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் எச்சரித்து வருகிறார்கள். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குப் பல நேரங்களில் அடங்காத ஒரு வகைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்த பெயரிலேயே நம் நாட்டின் பெயர் இருக்கிறது: டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே. நமக்குப் பெருமை தரும் பெயரில்லை. பூச்சு மருந்தாக வரும் ஸ்டீராய்டுகளில் 14 வகைகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் அறிவித்தது. ஆனால் நாம் கேட்பதை நிறுத்தாதவரை விற்பனையும் நிற்காது.

இதைக் கேட்டுவிட்டு, "ஸ்டீராய்டு என்றாலே விஷம்" என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒவ்வாமைக் கரப்பான் உள்ள குழந்தைக்கு, மருத்துவர் அளந்து, இத்தனை நாள் என்று சொல்லித் தரும் ஸ்டீராய்டு சரியான மருந்து. அங்கே அடக்க வேண்டியது உடம்பின் கொதிப்பை. பூஞ்சைத் தொற்றில் அழிக்க வேண்டியது பூஞ்சையை. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிச் சிவப்பு, ஒரே மாதிரி அரிப்பு. எது எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. தேவைப்பட்டால் தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். வலியில்லாத எளிய பரிசோதனை.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: ஒருவருக்கு எழுதிக் கொடுத்த ஆயின்ட்மென்ட்டை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். அன்பினால் கொடுக்கிறீர்கள், ஆனால் அது உதவியாகாது.

இரண்டு: வீட்டிலுள்ள ட்யூப்களை எடுத்து, படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பெயர் வாசிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் பூசாதீர்கள். நீண்ட நாளாகப் பூசி வருகிறவர்கள் ட்யூப்பை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

மூன்று: திரும்பத் திரும்ப ஈஸ்ட் தொற்று வருகிறவர்கள் சர்க்கரை பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற ஊழியரிடமும் கேட்கலாம்.

நான்கு: தொற்று என்று மருத்துவர் சொன்னால், அவர் சொன்ன நாள் வரை மருந்து பூசுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்தினால் பூஞ்சை மிச்சமிருக்கும். துண்டு, உள்ளாடை, சீப்பு ஆகியவற்றை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: கரப்பான் உள்ள குழந்தையைக் காரமான சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். குளித்ததும் ஈரம் காயுமுன் மருத்துவர் சொல்லும் ஈரப்பசைக் களிம்பைத் தடவுங்கள். உடைந்த மதிலுக்கு அதுதான் பூச்சு.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பேருந்துச் செலவுக்கு முடியாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் சொன்னால் போதும். என்ன நோய் என்று எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை, பதிவேட்டில் எழுதவும் மாட்டோம்.

மறைவிடத்து நோயை வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மதீனத்து அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவர்கள் வெட்கப்பட்டு நிற்கவில்லை என்பதற்காகவே அந்தப் பாராட்டு. மார்க்கத்தைக் கேட்பதில் இல்லாத வெட்கம் மருத்துவரிடம் கேட்பதில் எதற்கு? பெண் மருத்துவர் வேண்டுமென்றால் சீட்டு வாங்கும்போதே சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருக்கும் அந்த ட்யூப்பை எடுத்து ஒருமுறை பெயரைப் படியுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.